பொருள் என்ற ஒரு சொல்: மும்பை ஓவியக் கூடங்களும் கலப்பு ஊடகமும்

தமிழில் ‘பொருள்’ என்கிற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. கையால் தொடக்கூடிய வஸ்து ஒன்று. சொல்லுக்கு உள்ளே இருக்கும் அர்த்தம் இன்னொன்று. பணம், செல்வம் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே அறையில், ஒரே சுவரில் சந்தித்துக்கொள்கிற இடம் நம் மும்பையில் உண்டு. அதுதான் விற்பனைக்காக ஓவியம் வைக்கும் தனியார் கேலரி. அதிலும் ‘மிக்ஸ்டு மீடியா’ என்று சொல்லப்படும் கலப்பு ஊடகப் படைப்புகளில் இந்த மூன்று பொருளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். வண்ணமும் கித்தானும் மட்டும் அல்லாமல் துணி, மரம், இரும்பு, மண், காகிதம், கண்ணாடி என்று பலவற்றைச் சேர்த்துச் செய்வதே கலப்பு ஊடகம்.

நான் சொல்ல வருவது இதுதான். கலப்பு ஊடகத்தில் வஸ்து அர்த்தத்தைச் சுமக்க வேண்டும். சுமக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே ரசனை. பணம் முன்னால் வந்து நின்றால் மற்ற இரண்டும் வாயடைத்துப் போகும். கேலரிகள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் ‘மிக்ஸ்டு மீடியா’ என்ற இரண்டே வார்த்தைச் சீட்டு, அப்படி வாயடைக்கத் துணை போகிறது என்பது என் குற்றச்சாட்டு.

கதவுக்கு வெளியே நாம்

நம்மவர்கள் மூன்று நான்கு தலைமுறையாக ஃபோர்ட் பகுதிக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். வங்கி, இன்ஷூரன்ஸ், கப்பல் கம்பெனி, ரயில்வே ஆபீஸ் என்று மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் தினம் தினம் அந்தத் தெருக்களில் நடந்தவர்கள். காலா கோடாவில் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியின் படிக்கட்டில் மழைக்கு ஒதுங்காத மும்பைத் தமிழர் அபூர்வம். ஆனால் அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஃபோர்ட்டிலும் கொலாபாவிலும் இருக்கும் தனியார் கேலரிகளுக்குள் போனவர் எத்தனை பேர் என்று கேட்டால் கை விரலில் எண்ணிவிடலாம்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 1952ல் திறந்த ஜஹாங்கீர், சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் குடும்பத்தின் கொடையால் எழுந்தது. அங்கே கூடத்தை ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஓவியரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாமும் இரண்டு வார்த்தை பேசலாம். தனியார் கேலரி அப்படியல்ல. யாருடைய படைப்பை வைப்பது என்று கேலரிக்காரர்தான் முடிவு செய்கிறார். ஒரு மாதமோ அதற்கு மேலோ காட்சி நடக்கும். விற்றால் விலையில் ஒரு பெரும் பங்கு கேலரிக்கு, மீதி ஓவியருக்கு.

பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது. இது பலருக்குத் தெரியாது. பழைய கட்டடத்தின் மாடிப்படி, வாசலில் ஒரு காவலாளி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி குளிர், பேச்சுச் சத்தமே இல்லாத வெள்ளைச் சுவர். “உள்ள போனா ஏதாவது வாங்கணுமோ?” என்ற தயக்கம் வந்துவிடுகிறது. தி. நகர் ஜவுளிக்கடையில் நாற்பது புடவையை விரிக்கச் சொல்லி, “கலர் சரியில்லை” என்று எழுந்து வரும்போது வராத கூச்சம் இங்கே வருகிறது! புடவையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறோம். படத்தைப் பற்றி அப்படி நினைப்பதில்லை. அந்த உரிமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கடையாக இருப்பது பாவமா?

‘வியாபார கேலரி’ என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. கலையை விற்பதா என்பார்கள். மும்பையின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

கேகூ காந்தி என்ற பார்சிக்காரர் 1940களில் இங்கே படச்சட்டம் செய்யும் தொழில் நடத்தினார். ‘கெமிக்கல் மோல்டிங்’ என்ற கம்பெனிப் பெயரின் சுருக்கம்தான் ‘கெமோல்ட்’. ஹுசைன், ஆரா, ரஸா போன்ற இளைஞர்களை அன்று சீந்துவார் இல்லை. அவர்கள் படங்களைத் தன் சட்டக் கடையில் மாட்டி வைத்தவர் அவர். 1963ல் அவரும் மனைவி கோர்ஷெத்தும் ஜஹாங்கீர் கட்டடத்தின் மாடியில் கேலரி கெமோல்டைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஃப்ளோரா ஃபவுண்டன் அருகே பண்டோல் கேலரியும் வந்தது. கெமோல்ட் 2007ல் ஃபோர்ட்டில் பிரெஸ்காட் ரோடுக்கு இடம் மாறியது. 1984ல் சென்னையில் தொடங்கிய சாக்ஷி கேலரி, நம்மைப் போலவே பெங்களூரு, மும்பை என்று இடம்பெயர்ந்தது.

இப்படிக் கடை விரிக்க ஆள் இல்லாத ஊரில் என்ன நடந்தது? சென்னை ஓவியர்களைப் பாருங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் படம் விற்றுப் பிழைக்க வழியில்லை என்று கண்டு பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கி 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் தூரிகை பிடிக்க வேண்டிய கைகள் மெழுகு காய்ச்சித் துணிக்குச் சாயம் போட்ட காலம் எவ்வளவு என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல கேலரிக்காரர் ஒருவர், ஓவியருக்கு அந்தக் காலத்தைத் திருப்பித் தருகிறார். அதனால் கடை என்பதற்காக நான் கோபிக்கவில்லை. கடை என்ன சொல்லி விற்கிறது என்பதுதான் கேள்வி.

நமக்குப் புதிதா?

‘கலப்பு ஊடகம்’ வெளிநாட்டிலிருந்து வந்த கூத்து என்று எண்ண வேண்டாம். நம் வீட்டுப் பூஜை அறைத் தஞ்சாவூர்ப் படத்தைச் சற்றுக் கிட்டே போய்ப் பாருங்கள். அடியில் மரப்பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, அதற்கு மேல் சுண்ணப் பொடியும் பசையும் குழைத்துக் கட்டிய மேடு, அந்த மேட்டில் பதித்த கண்ணாடிக் கல், எல்லாவற்றுக்கும் மேல் தங்க ரேக்கு, மீதி இடத்தில் வண்ணம். ஒரு படத்தில் எத்தனை சரக்கு! இன்றைய கேலரியில் மாட்டினால் இதற்கும் ‘மிக்ஸ்டு மீடியா’ என்றே சீட்டு ஒட்டுவார்கள். இதுவும் பெரும்பாலும் சொல்லிவைத்துச் செய்வித்த, காசு கொடுத்து வாங்கிய சரக்குதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். தஞ்சாவூர்ப் படத்தில் தங்கம் ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. விளக்கு வெளிச்சத்தில் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனின் மேனி மினுமினுக்கும்போது பதில் தானாகக் கிடைக்கிறது. அந்தப் பொருளுக்கான அர்த்தம் ஊரும் வழிபாடும் சேர்ந்து ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. இன்றைய ஓவியருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் ஒரு இரும்புத் துண்டை எடுத்தால், ஏன் இரும்பு என்பதை அந்தப் படமே நமக்கு உணர்த்த வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள அழகியல் புத்தகம் வேண்டாம். நம் ஃப்ளாட் வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலத்தையும் ஊரில் பாட்டி அரிசி மாவில் போட்ட கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளி அதே, கம்பி அதே. மாவுக் கோலத்தை எறும்பு தின்னும், மிதித்தால் அழியும், மறுநாள் விடிகாலை மறுபடி குனிய வேண்டும். ஸ்டிக்கரில் இது ஒன்றும் இல்லை. வடிவம் மாறாமலே வஸ்து மாறியதும் அர்த்தம் கழன்று போயிற்று. கலப்பு ஊடகத்தின் முழுப் பாடமும் இந்த இரண்டு கோலத்துக்கு நடுவில் இருக்கிறது.

எஞ்சின் ஆயிலும் உடைந்த பானையும்

1991ல் வளைகுடாப் போர் நடந்தபோது, குவைத்திலிருந்து ஓடிவந்த சொந்தக்காரர்கள் நம் பல வீடுகளில் தங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு டெல்லி ஓவியர் விவான் சுந்தரம் கரித்துண்டையும் எஞ்சின் ஆயிலையும் கொண்டு காகிதத்தில் ஒரு வரிசைப் படங்கள் செய்தார். காகிதத்தில் ஆயில் ஊறிக் கறையாகப் பரவும். சில படங்களின் கீழே தரையில் துத்தநாகத் தட்டில் ஆயில் தேங்கி நிற்கும். எதற்காகக் குண்டு போட்டார்களோ அதே எண்ணெய். இங்கே எண்ணெயைப் படமாக வரையவில்லை, எண்ணெயே படமாயிற்று. ஆயிலுக்குப் பதில் கறுப்பு வண்ணம் தீட்டியிருந்தால், போரைப் பற்றிய இன்னொரு படம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம்.

1992ல் நளினி மலானி கெமோல்ட் கேலரியின் சுவரிலேயே நேராக வரைந்தார். ‘சிட்டி ஆஃப் டிசையர்ஸ்’ என்று பெயர். நாத்வாராவில் பழைய சுவரோவியங்கள் அழிந்துகொண்டிருந்ததை மனத்தில் வைத்துச் செய்தது. காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை! ஒரு கடை, விற்க முடியாத சரக்குக்காகத் தன் சுவர் முழுவதையும் கொடுத்திருக்கிறது. அரசு அருங்காட்சியகங்கள் இதுமாதிரி முயற்சிகளுக்கு இடம் தர யோசித்த காலம் அது. மும்பையில் தேசிய நவீனக் கலைக்கூடம் திறந்ததே 1996ல்தான். கேலரிகளை நான் மதிப்பதற்கு இந்த ஒரு சுவர் போதும்.

அடுத்து வந்த மாதங்களை மும்பைவாசிகள் மறக்க முடியாது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் ஊர் பற்றி எரிந்தது. தாராவியில் நம் ஜனங்கள் இரவெல்லாம் தூங்காமல் சந்துமுனையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை தைலவண்ணத்தில் உருவங்கள் தீட்டிவந்த ரும்மானா ஹுசைன், அதற்குப் பிறகு மண்பானையை எடுத்தார். உடைந்த பானை, கண்ணாடி, காவி மண். 1994ல் ‘ஃபிராக்மெண்ட்ஸ்/மல்டிபிள்ஸ்’ என்ற பெயரில் கெமோல்டில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். பாதியாகப் பிளந்த பானையைக் கண்ணாடியோடு சேர்த்து வைக்கும்போது, இல்லாத மறுபாதியைப் பிம்பம் காட்டும். முழுசு போலத் தெரியும். ஆனால் முழுசு இல்லை என்றும் தெரியும். ஒரு பக்கம் பார்த்தால் இடிந்த கும்மட்டம், இன்னொரு பக்கம் பார்த்தால் வயிறு. நமக்கோ உடைந்த பானை என்றால் சுடுகாட்டில் தோளைச் சுற்றி வந்து உடைக்கும் குடம் ஞாபகத்துக்கு வரும். ஓவியர் அதை நினைத்தாரோ இல்லையோ, மண்பானை என்ற வஸ்து அந்த நினைவையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. வண்ணம் தீட்டிய பானைக்கு அவ்வளவு சக்தி வராது. ரும்மானா 1999ல் காலமானார்.

மஹாலக்ஷ்மியின் ஷட்டர்

மும்பைக் கலவரத்தின், பந்தின் சத்தம் எது என்று கேட்டால் கடை ஷட்டர் சடசடவென்று கீழே விழும் சத்தம் என்பேன். அந்த ஷட்டரையே ஓவியமாக்கியவர் காட்கோபரில் பிறந்து வளர்ந்த அதுல் தோடியா. 2000க்குப் பிறகு அவர் செய்த ஷட்டர் ஓவியங்களில் நம் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ‘மஹாலக்ஷ்மி’ (2002). மூடிய ஷட்டரின் மேல், நம் வீட்டுக் காலண்டரில் இருக்கும் அதே மஹாலக்ஷ்மியை எனாமல் பெயிண்டில் தீட்டியிருக்கிறார். ஷட்டரைத் தூக்கினால் பின்னால் இன்னொரு படம். வரதட்சணைக்கு வழியில்லாத தகப்பனுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று ஒன்றாகத் தூக்கில் தொங்கிய சகோதரிகள். பத்திரிகையில் வந்த உண்மைச் செய்திதான் அது.

புத்தகத்தில் இருந்த இந்தப் படத்தை எங்கள் கட்டடத்து வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் சிலரிடம் காட்டினேன். “லக்ஷ்மிக்குப் பின்னாடி இதுவா? அபசாரம் சார்” என்றார் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்பது வயது மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “அபசாரம் படத்துல இல்லடா. எங்க ஆத்துலயே மூணு பொண்ணு. அப்பா ராத்திரி ராத்திரி கணக்கு எழுதிண்டு உக்காந்திருப்பா. எனக்குத் தெரியும்” என்று சொல்லிப் புத்தகத்தை மூடிக் கொடுத்தார். நான் படித்த எந்த விமர்சனமும் அந்தப் படத்தின் கிட்டே இவ்வளவு போகவில்லை.

யோசித்துப் பாருங்கள். இரண்டு படத்தையும் கித்தானில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தால் ஒப்பீடு செய்துவிட்டுப் போயிருப்போம். ஷட்டர் என்பதால்தான் ஒன்று இன்னொன்றை மறைக்கிறது. ஷட்டர் என்பதால்தான் அது கடை, வியாபாரம், கொடுக்கல் வாங்கல். கல்யாணத்தையும் கடையாக்கினோம் என்று ஒரு வார்த்தை எழுதாமலே அந்த இரும்பு சொல்லிவிடுகிறது. வஸ்து, அர்த்தம், பணம் என்ற மூன்று பொருளும் ஒன்றாக நிற்கும் படைப்பு இது.

இந்த வரிசையில் நமக்குச் சொந்தக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். கே.ஜி. சுப்பிரமணியன். பெயரின் முதல் எழுத்து பாலக்காட்டுத் தமிழ் அக்கிரகாரமான கல்பாத்தியைக் குறிப்பது. 1924ல் கேரளத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சுதந்திரப் போரில் சிறை சென்று, சாந்திநிகேதனிலும் பரோடாவிலும் வாழ்ந்து 2016ல் மறைந்தவர். நடுவில் 1959 முதல் 1961 வரை மும்பையில் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்திருக்கிறார். சுடுமண் பலகை, பொம்மை, நெசவு, கண்ணாடிக்குப் பின்புறம் தீட்டும் ஓவியம் என்று அவர் கை வைக்காத சரக்கு இல்லை. வங்கதேசப் போரின் கொடுமையை 1971ல் சுடுமண்ணில் செய்தார். பதக்கம் குத்திய தளபதிகள் களிமண்ணில் பிதுங்கி நிற்பார்கள். ஈரக் களிமண்ணை நசுக்கி, மடித்து, கிழித்தால் சதை மாதிரியே தெரியும் என்பது குயவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அந்த அறிவைத்தான் அவர் கலையாக்கினார். கைவினை ஒரு படி கீழே, ஓவியம் ஒரு படி மேலே என்ற பேச்சை அவர் ஏற்கவே இல்லை. மாநிலத்துக்கு வெளியே வாழும் நாம், எந்த ஊர் மண்ணையும் நம் கைக்குப் பழக்கிக்கொள்ளலாம் என்பதற்கு அவரை விட நல்ல உதாரணம் வேண்டாம்.

முத்திரையாகிப் போன வஸ்து

இனி மறுபக்கம். 2005 செப்டம்பரில் தையப் மேத்தாவின் ‘மஹிஷாசுரன்’ நியூயார்க் ஏலத்தில் 15.8 லட்சம் டாலருக்குப் போனது. தற்கால இந்திய ஓவியம் ஒன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு மும்பையில் பேச்சே மாறிற்று. ஷேர் வாங்குகிறவர்கள் படம் வாங்க வந்தார்கள். ‘ஆர்ட் ஃபண்ட்’ கூட முளைத்தது. 2008 உலக நெருக்கடியில் இளம் ஓவியர்களின் விலை சரிந்தபோது பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மீண்டும் ஏறி, 2025 மார்ச்சில் ஹுசைன் 1954ல் தீட்டிய ‘கிராம் யாத்ரா’ நியூயார்க்கில் 1.37 கோடி டாலரைத் தாண்டியது. பத்திரிகைகள் விலையை எழுதின. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியவை குறைவு. ஏலத்தில் கிடைக்கும் பணம் விற்றவருக்குப் போகிறதே தவிர வரைந்தவருக்கு அல்ல. மறுவிற்பனையில் ஓவியருக்கும் பங்கு உண்டு என்று நம் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நடைமுறையில் அது தூங்குகிறது.

விலை இப்படிப் பேச ஆரம்பித்ததும் கலப்பு ஊடகத்துக்கு ஒரு நோய் வந்தது. சந்தைக்கு ஓவியரின் அடையாளம் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். ஆளுக்கு ஒரு வஸ்து முத்திரையாகிவிட்டது. சுபோத் குப்தா என்றால் எவர்சில்வர் பாத்திரம், பார்தி கேர் என்றால் ஸ்டிக்கர் பொட்டு. இரண்டுமே நம் சமையலறையிலும் நிலைக்கண்ணாடியிலும் இருக்கும் சமாச்சாரங்கள். முதலில் வந்தபோது இரண்டுக்கும் பலம் இருந்தது. பார்தி கேர் 2006ல் செய்த, தரையில் சாய்ந்து கிடக்கும் ஃபைபர் கிளாஸ் யானையின் மேல் ஆயிரக்கணக்கான பொட்டுகள் தோல் போலவே படிந்திருக்கும். உயிர் போகிறதா, இளைப்பாறுகிறதா என்று தெரியாத யானை அது. நெற்றியில் ஒன்றாக இருக்க வேண்டிய பொட்டு உடம்பெல்லாம் பரவியதில் ஏதோ ஒரு கலக்கம் இருக்கிறது. 2010ல் லண்டன் ஏலத்தில் அது பத்து லட்சம் பவுண்டை நெருங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு பொட்டு ஒட்டிய பலகைகளையும் கண்ணாடிகளையும் வரிசையாகப் பார்க்கும்போது, யாருடைய வேலை என்று உடனே தெரிகிறது. இந்த இடத்தில் பொட்டு எதற்கு என்பது பல நேரம் தெரிவதில்லை. எவர்சில்வர் அடுக்குகளிலும் எனக்கு இதே குறை. இது என் அபிப்பிராயம்; மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பெரியவர்கள் கதை இது என்றால், சின்னச் சின்ன கேலரிகளில் நிலைமை இன்னும் மோசம். கித்தானில் கொஞ்சம் மணல், ஒரு துண்டு கோணி, மேலே தங்கத் தாள், ஓரத்தில் தேவநாகரி எழுத்து நாலு. வரவேற்பறை சோஃபாவுக்குப் பொருத்தமாக இருக்கும். கோணி எடை தூக்கியவன் முதுகிலிருந்து வந்ததா, கடையில் புதிதாக வாங்கியதா என்ற கவலை அந்தப் படத்துக்கு இல்லை. பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்தையே ஓவியமாக்கியபோது, படிக்க முடியாத எழுத்து ஏன் நம்மை இழுக்கிறது என்ற தேடல் அதில் இருந்தது. இங்கே எழுத்து வெறும் ஜரிகை.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

போன வருஷம் ஒரு கேலரியில் பெரிய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிறத்தில் ஏதோ தடிமனாகப் பூசியிருந்தது. சீட்டில் ‘மிக்ஸ்டு மீடியா ஆன் கேன்வாஸ்’. மேஜையில் இருந்த பெண்ணிடம், “இது என்னம்மா, மண்ணா, காப்பிப் பொடியா?” என்று கேட்டேன். “மிக்ஸ்டு மீடியா, அங்கிள்” என்றாள். “அது சரி, என்னென்ன மிக்ஸ்?” என்றேன். கம்ப்யூட்டரில் தேடினாள். விலை வந்தது, அளவு வந்தது, ஓவியர் எந்தெந்த நாட்டில் காட்சி வைத்தார் என்பதும் வந்தது. என்ன சரக்கு என்பது மட்டும் வரவில்லை. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

ரவா லாடு பாக்கெட்டில் கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் விலை சொல்லும் படத்துக்கு அது கிடையாதா? இது வாங்குகிறவரின் கவலையும்கூட. எனக்குத் தெரிந்த ஒருவர், மணலும் தேங்காய் நாரும் பதித்த படம் ஒன்றை ஆசையாக வாங்கி ஹாலில் மாட்டினார். இரண்டாவது மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தது. கேட்டதற்கு, “இயற்கைப் பொருள், அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்ததாம். நாலு மாசம் ஈரம் சொட்டும் ஊரில் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

எனக்குப் பெரிய விஷயம் பூஞ்சை அல்ல. ‘எஞ்சின் ஆயில், கரி, காகிதம்’ என்று எழுதினால் பார்வையாளன் ஒரு நொடி நின்று, “ஏன் ஆயில்?” என்று கேட்பான். அந்தக் கேள்வியிலிருந்துதான் படம் திறக்கும். ‘மிக்ஸ்டு மீடியா’ என்றால் தலையாட்டிவிட்டு விலைப்பட்டியலைப் புரட்டுவான். வஸ்துவின் பெயரை மறைத்தால் அர்த்தத்துக்குப் போகும் வழியும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

கேலரிக்குப் போகிற நம் குடும்பங்களுக்கு மூன்றே கேள்விகளைச் சொல்லி வைக்கிறேன். ஒன்று, இந்தச் சரக்குக்குப் பதில் வெறும் வண்ணம் இருந்தால் படம் எதை இழக்கும்? ஒன்றும் இழக்காது என்றால் அது அலங்காரம். இரண்டு, இது படத்துக்கு வருவதற்கு முன்னால் யார் கையில், என்ன வேலையில் இருந்தது? மூன்று, அதே ஓவியரின் அடுத்த படத்தில் அதே வஸ்து புதிதாக ஏதாவது சொல்கிறதா? இதற்குக் கலைக் கல்லூரிப் படிப்பு வேண்டாம். அரிசி மாவையும் ஸ்டிக்கரையும் பிரித்தறிகிற கண் போதும்.

குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். மலையாளமோ மராத்தியோ ஹிந்தியோ தமிழோ, எந்த மொழியில் அவர்கள் சிந்தித்தாலும் துருப்பிடித்த இரும்பும் உடைந்த பானையும் அவர்களுக்குப் புரியும். ஒரு நடைமுறைச் சங்கடம் மட்டும் உண்டு. பெரும்பாலான தனியார் கேலரிகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். நமக்கு லீவு உள்ள ஒரே நாளில் பூட்டிவைத்துவிட்டு, ஜனங்கள் வருவதில்லை என்று கேலரிக்காரர்கள் வருத்தப்படுவது எந்த ஊர் நியாயம்? அதுவரை சனிக்கிழமை பிற்பகல்தான் வழி. சங்கங்கள் திருக்குறள் போட்டியும் பொங்கல் விழாவும் நடத்துவது போல, வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமை பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சேர்த்து ஃபோர்ட், கொலாபா கேலரிகளுக்குக் கூட்டிப் போகலாம். செலவு ரயில் டிக்கெட்டும் டீயும்தான்.

உள்ளே போனதும் கூச்சப்படாமல் கேளுங்கள்: “இதில் என்னென்ன சேர்ந்திருக்கு?” நாலு பேர் கேட்டால் கேலரிக்காரர் தேடிப் பார்ப்பார், நாற்பது பேர் கேட்டால் சீட்டில் அச்சடிப்பார். ஓவியரும் அடுத்த முறை கோணியைக் கையில் எடுக்கும்போது ஒரு கணம் யோசிப்பார். விலை கேட்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.